தெளியாத சோதனையும் தெளிந்த மனமும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கேரளத்தினர் மட்டுமின்றி, தென் தமிழகத்து மக்களும் அங்கே சிகிச்சைக்குச் செல்கின்றனர். 1956-இல் தமிழகத்தோடு இணையும்வரை திருவனந்தபுரத்தையே தலைநகராகக் கொண்டிருந்த கன்னியாகுமரி மாவட்ட மக்களுக்கு, பெரிய மருத்துவம் என்றால் இன்றும் அந்நகரமே நினைவுக்கு வருகிறது. அந்நகரின் புற்றுநோய்ப் பதிவேடு ஒரு செய்தியைச் சொல்கிறது: பெண்களிடையே தைராய்டு புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவாகும் இந்திய நகரங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று.

ஆகவே அந்தப் பகுதியில் ஒரு பெண்ணின் கழுத்தில் சிறு கட்டி தென்பட்டால் குடும்பமே கலங்குகிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள், ஊசி செலுத்திச் சோதிக்கிறார்கள். அறிக்கை வரும் நாளில் 'புற்றுநோய் உண்டு' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லை எதிர்பார்த்து அனைவரும் காத்திருக்கின்றனர். ஆனால் பலருக்கு இந்த இரண்டு சொற்களும் வருவதில்லை. 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்ற மூன்றாவது விடையே வருகிறது. அதைத் தொடர்ந்து, அறுவை சிகிச்சை செய்துகொள்வதா, காத்திருந்து பார்ப்பதா என்ற கேள்வியும் வருகிறது.

இது மருத்துவத்தின் கேள்வி மட்டுமன்று. உறுதியாகத் தெரியாத ஒன்றைப் பற்றி, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை மனிதன் எவ்வாறு எடுப்பது? அவ்வாறு எடுத்த முடிவு சரியா, தவறா என்பதை எதைக் கொண்டு அளப்பது? கழுத்தில் கட்டி இல்லாதவர்களுக்கும் வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

ஊசி காண்பதும் காணாததும்

தைராய்டு, கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழாயைத் தழுவியபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சுரப்பி. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, செரிமானம், மனத்தின் சுறுசுறுப்பு ஆகியவற்றின் வேகத்தை அதில் சுரக்கும் ஹார்மோன் நெறிப்படுத்துகிறது. இச்சுரப்பியில் கட்டிகள் தோன்றுவது மிகச் சாதாரணம். கையால் தொட்டு உணரக்கூடிய கட்டி நூறு பெண்களில் சுமார் ஐவருக்கும் நூறு ஆண்களில் ஒருவருக்கும் இருக்கிறது. அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தால் இந்த எண்ணிக்கை பன்மடங்கு உயர்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை.

கட்டியின் தன்மையை அறிய மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில செல்களை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். அவ்வாறு காண்பதை உலகெங்கும் ஒரே மொழியில் எழுதுவதற்காக, 2007-இல் அமெரிக்காவின் பெதஸ்தா நகரில் கூடிய நிபுணர்கள் ஆறு வகைகளை வகுத்தனர். முதல் வகை, போதிய செல்கள் கிடைக்கவில்லை என்பது. இரண்டாவது, தீங்கற்றது. ஐந்தாவது, புற்றுநோய் என்ற வலுவான சந்தேகம். ஆறாவது, புற்றுநோய். இடையில் நிற்கும் மூன்றாவது, நான்காவது வகைகளே மனிதரை அலைக்கழிப்பவை. செல்களில் மாறுதல் தெரிகிறது, ஆனால் அதன் பொருளை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது மூன்றாவது. நுண்ணறைச் செல்கள் மிகுதியாகப் பெருகியுள்ளன, ஆனால் அது தீங்கற்ற பெருக்கமா, தீயதா என்று பிரித்தறிய முடியவில்லை என்பது நான்காவது.

ஏன் பிரித்தறிய முடியவில்லை? சோதித்தவரின் திறமைக் குறைவு இதற்குக் காரணம் அன்று. நுண்ணறைக் கட்டிகளில் தீங்கற்றதன் செல்லும் தீயதன் செல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. கட்டியைச் சூழ்ந்திருக்கும் உறையைச் செல்கள் துளைத்து வெளியேறியுள்ளனவா, அருகிலுள்ள இரத்தக் குழாய்க்குள் நுழைந்துள்ளனவா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஊசியோ செல்களை மட்டும் எடுத்து வருகிறது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பிடி செங்கல் தூளைக் கொண்டுவந்து, அவ்வீட்டின் மதில் உடைந்திருக்கிறதா என்று கேட்டால் யாரால் விடை கூற முடியும்? மதிலைக் காண வேண்டுமானால் கட்டியை முழுமையாக வெளியே எடுக்க வேண்டும். எனவே இங்கே அறுவை சிகிச்சையே சோதனையாகவும் அமைந்துவிடுகிறது. அறிவதற்காகவே அறுக்க வேண்டிய நிலை இது.

கட்டையா, மனிதனா?

வேதாந்தம் பயின்றவர்களுக்குக் கயிற்றில் பாம்பைக் காணும் உவமை நன்கு தெரியும். அது பிழையான அறிவுக்கு எடுத்துக்காட்டு. அங்கே மனிதன் ஐயப்படுவதில்லை. பாம்பு என்று உறுதியாகவே நம்பி நடுங்குகிறான். ஐயத்திற்கு நியாய சாஸ்திரம் வேறோர் உவமையைத் தருகிறது. அந்தி மங்கலில் தொலைவில் உயரமாக ஏதோ நிற்கிறது. அது பட்டுப்போன மரக்கட்டையா, அசையாமல் நிற்கும் மனிதனா? இரண்டுக்கும் பொதுவான உயரமும் நிமிர்வும் தெரிகின்றன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் கையோ, பொந்தோ தெரியவில்லை. பொதுத் தன்மை புலப்பட்டு, சிறப்புத் தன்மை புலப்படாத நிலையில் எழுவதே ஐயம் என்கின்றனர் நியாய அறிஞர்கள்.

அந்த அறிக்கை இந்த இலக்கணத்தோடு எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது! இருவகைக் கட்டிகளுக்கும் பொதுவான செல்கள் தெரிகின்றன. பிரித்துக் காட்டும் உறையின் நிலை தெரியவில்லை. ஆகவே அந்த அறிக்கை அறியாமையும் அன்று, பிழையும் அன்று. எது தெரிகிறது, எது தெரியவில்லை, எதனால் தெரியவில்லை என்று எல்லை வகுத்துச் சொல்லும் நேர்மையான அறிவு அது. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறாத மருத்துவர் தம் கடமையில் தவறியவர் அல்லர். அதைச் சரிவரச் செய்தவர்.

கௌதமர் தம் நியாய சூத்திரத்தைத் தொடங்கும்போது பதினாறு பொருள்களை வரிசைப்படுத்துகிறார். அதில் ஐயம் மூன்றாவதாகவும், தீர்மானம் ஒன்பதாவதாகவும் வருகின்றன. முற்றும் அறியாத பொருளிலும் ஆராய்ச்சி எழாது, முற்றும் தெளிந்த பொருளிலும் எழாது. ஐயத்திற்குரிய பொருளில்தான் எழும் என்று அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். ஐயத்தை அவமானமாகவோ நோயாகவோ அவர்கள் கருதவில்லை. ஆராய்ச்சி நுழையும் வாயிலாகவே கருதினர்.

ஐயமே இயல்பானவன் அழிவான் என்று கீதை நான்காம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அங்கே கண்டிக்கப்படுவது ஒரு பொருளைப் பற்றிய ஐயம் அன்று. எதிலும் நிலைகொள்ளாத, எந்தச் செயலிலும் இறங்காத மனத்தின் குணமே கண்டிக்கப்படுகிறது. அதனால்தான் அந்த அத்தியாயம் செயல்படுமாறு எழுப்பும் அழைப்போடு முடிகிறது. கட்டியைப் பற்றிய ஐயம் அறிக்கையில் இருக்கலாம். அது மனத்தின் குணமாக மாறிவிடாமல் காப்பதே சாதனை.

சதவீதம் யாருடையது?

2023-இல் வெளிவந்த பெதஸ்தா முறையின் மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு வகையிலும் புற்றுநோயாக இருக்கக்கூடிய வாய்ப்பைச் சராசரியாகக் குறிப்பிடுகிறது. இரண்டாம் வகையில் அது 4 சதவீதம். மூன்றாம் வகையில் 22. நான்காம் வகையில் 30. ஐந்தாம் வகையில் 74. ஆறாம் வகையில் 97. ஆறாவதில்கூட நூறு இல்லை, இரண்டாவதில்கூடச் சுழியம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. முழு உறுதி என்பது எந்தப் படியிலும் தரப்படவில்லை. மற்றவர்கள் மறந்துவிடும் ஒன்றை நடுப்படியில் நிற்பவர் கண்ணால் பார்க்கிறார், அவ்வளவே.

இந்த எண்களைப் படிப்பதிலும் ஒரு விவேகம் வேண்டும். மூன்றாம் வகை அறிக்கை பெற்ற ஒரு தாயின் கழுத்தில் 22 சதவீதப் புற்றுநோய் இருப்பதாக எவரும் எண்ணக்கூடாது. அவரிடம் இருப்பது புற்றுநோய் அல்லது புற்றுநோய் அல்லாதது. அது ஏற்கெனவே முடிவாகிவிட்ட உண்மை. 22 என்ற எண் அவருடைய கழுத்தைப் பற்றியது அன்று. அவரைப் பற்றி மருத்துவம் பெற்றுள்ள அறிவின் அளவைப் பற்றியது. மேலும், இவ்வெண்கள் பெரும்பாலும் அறுவை செய்து பார்த்தவர்களிடமிருந்து கணக்கிடப்பட்டவை. சந்தேகம் மிகுந்தவர்களே அறுவைக்குச் செல்வதால், உண்மையான வாய்ப்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

அவரவர் நிலைக்கேற்ப இந்த எண் மாறவும் கூடும். கட்டியின் அளவு, ஸ்கேனில் அதன் விளிம்பும் நிறமும், சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா, கழுத்தில் நெறிகட்டியுள்ளதா, குடும்பத்தில் இந்நோய் இருந்ததா, இளம் வயதில் கழுத்தில் கதிர்வீச்சு பட்டதா என்பவற்றை எல்லாம் மருத்துவர் சேர்த்துப் பார்க்கிறார். சில சமயம் ஊசிச் சோதனையை மீண்டும் செய்கிறார். செல்களின் மரபணுவை ஆராயும் சோதனைகளும் வந்துள்ளன. இவை அனைத்தும் அந்தி மங்கலில் இன்னும் சில அடிகள் நெருங்கிச் சென்று பார்ப்பது போன்றவை. மங்கல் குறையும், ஆனால் எப்போதும் முற்றிலும் நீங்கிவிடாது.

இரண்டு அவசரங்கள்

ஐயத்தில் நிற்பது மனிதனுக்குத் துன்பம். அத்துன்பத்திலிருந்து தப்ப அவன் இரண்டு திசைகளில் ஓடுகிறான். 'இது புற்றுநோய்தான், உடனே அறுத்தெறியுங்கள்' என்பது ஓர் ஓட்டம். 'இதெல்லாம் ஒன்றுமில்லை, மருத்துவர்கள் பயமுறுத்துகிறார்கள்' என்பது மற்றோர் ஓட்டம். இரண்டும் எதிரெதிர்த் திசைகள்போல் தோன்றினாலும் வேர் ஒன்றே. ஐயத்தைத் தாங்க முடியாமல் பொய்யான உறுதியை விலைக்கு வாங்குவதே இரண்டும்.

முதல் அவசரத்தின் விலையைத் தென் கொரியா கண்டது. அங்கே 1999 முதல் புற்றுநோய்க்கான பரிசோதனைத் திட்டம் பரவியபோது, அதோடு சேர்த்துத் தைராய்டு ஸ்கேனும் குறைந்த செலவில் பலருக்குச் செய்யப்பட்டது. 1993-ஐ ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 15 மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் இறந்தோர் விகிதம் ஏறக்குறைய மாறவேயில்லை. வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளே பெருமளவில் கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டன என்று 2014-இல் மருத்துவர்களே எடுத்துரைத்தனர். அதன்பின் அறுவைகள் வெகுவாகக் குறைந்தன. திருவனந்தபுரத்தில் பதிவான விரைவான உயர்வைப் பற்றியும் இதே கேள்வியை 2017-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுப்பியது.

ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை வேறு வழியில் சென்றது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்தான அறிகுறிகள் இல்லாத பாப்பில்லரி வகைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, உடனே அறுக்காமல் முறையாகக் கண்காணிக்கும் வழியை 1993 முதல் அது அளித்து வருகிறது. அவர்களில் பெரும்பாலோரின் கட்டி ஆண்டுகள் பல கடந்தும் குறிப்பிடத்தக்க அளவு வளரவில்லை. வளர்ந்தவர்களுக்குப் பின்னர் அறுவை செய்தும் நலம் கெடவில்லை.

இதைப் படித்து இரண்டாம் அவசரத்தில் இறங்கிவிடக் கூடாது. குமாவில் காத்திருந்தவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் அல்லர். குறித்த காலத்தில் ஸ்கேன் செய்து, மாறுதல் தெரிந்தால் செயல்படத் தயாராக இருந்தவர்கள். காத்திருத்தலும் ஒரு செயலே. மறுபரிசோதனைக்குச் செல்லாமல் நாளைக் கடத்துவதைக் காத்திருத்தல் என்று அழைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். பெரிய கட்டிகளிலும், வளர்ந்து வரும் கட்டிகளிலும், வலுவான சந்தேகத்திற்குரியவற்றிலும் தாமதம் தீங்கு செய்யக்கூடும்.

ஐயத்திற்கு அடுத்து நிற்பது

கௌதமரின் வரிசையில் ஐயத்திற்கு அடுத்து, நான்காவதாக வருவது எது? பிரயோஜனம், அதாவது எதை நாடிச் செயல்படுகிறோமோ அந்தப் பயன். ஐயத்திலிருந்து தீர்மானத்திற்கு நேரே தாவ முடியாது, 'எதற்காக?' என்ற கேள்வி முதலில் குறுக்கே நிற்கிறது. அறுவைக்கு முன் நிற்பவருக்கு இது பெரிய உதவி. 'இது புற்றுநோயா?' என்ற கேள்விக்கு இன்று விடை கிடையாது. 'எந்த இழப்பை என்னால் ஏற்க முடியும், எதை ஏற்க முடியாது?' என்ற கேள்விக்கு இன்றே விடை தேட முடியும்.

மூன்றாம், நான்காம் வகைகளில் அறுவை செய்ய முடிவானால், பெரும்பாலும் கட்டியுள்ள ஒரு பாதியை மட்டும் அகற்றுகின்றனர். மீதியுள்ள பாதி பலருக்குப் போதுமான ஹார்மோனைச் சுரக்கும். சிலருக்கு மாத்திரை தேவைப்படும். அகற்றியதில் புற்றுநோய் இருந்து, அதன் தன்மை வேண்டினால், மறுபாதிக்காக இரண்டாம் அறுவை வரலாம். முதலிலேயே முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டால் அந்த இரண்டாம் அறுவை இராது. ஆனால் கட்டி தீங்கற்றது எனத் தெரிய வந்தாலும் ஆயுள் முழுவதும் தினமும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். சுரப்பியின் பின்னே குரலுக்கான நரம்பு செல்கிறது. கால்சியத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகளும் அங்கேயே உள்ளன. தேர்ந்த கைகளில் இவற்றுக்கு நிரந்தரப் பழுது நேர்வது அரிது, எனினும் இல்லாததன்று. வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கும் பாடகிக்கும் குரலின் மதிப்பு வேறு. மீண்டும் மருத்துவமனைக்கு வர வசதியற்றவருக்கு இரண்டாம் அறுவையின் சுமை வேறு. ஐயத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தால் உறக்கம் கெடும் என்று தம்மை அறிந்தவருக்கு அதுவும் கணக்கில் சேரும். ஒரே அறிக்கை இருவருக்கு இரண்டு நல்ல முடிவுகளைத் தரலாம்.

இக்கணக்கைப் போட வேண்டியவர் யார்? அவரே. ஆனால் நம் இல்லங்களில் அடிக்கடி நடப்பது என்ன? நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மகன் மருத்துவரைத் தனியே சந்தித்து, அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். அன்பினால்தான் கேட்கிறான். ஆயினும் அவன் அம்மாவிடமிருந்து மறைப்பது நோயை அன்று, தீர்மானிக்கும் உரிமையையே. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் ஊகிக்கும் தாய், ஊகத்தில் அறிக்கையைவிடக் கொடியதைக் காண்கிறாள். உண்மையை அவளுக்குப் புரியும் சொற்களில், அவள் தாங்கும் வேகத்தில், அருகே அமர்ந்து சொல்வதே அன்பின் உயர்ந்த வடிவம்.

மருத்துவரைத் தேர்வதிலும் நெறி உண்டு. ஆளை ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது, திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் முடியும் இடத்தில் வள்ளுவர் சொல்லும் கருத்து. இத்தகைய அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள், பாதியா முழுமையா, ஏன், காத்திருந்தால் என்ன, ஊசி எடுத்த கண்ணாடித் தகட்டை வேறொரு நிபுணரும் பார்க்கலாமா என்றெல்லாம் கேட்பது அவமதிப்பு ஆகாது. கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிந்தபின் ஒவ்வொரு இரவும் முடிவை மீண்டும் பிரித்துப் பார்ப்பதுதான் துன்பம்.

முடிவும் விளைவும்

அறுவை முடிந்து சில நாட்களில் இறுதி அறிக்கை வருகிறது. தீங்கற்றது என்று வந்தால், மகிழ்ச்சியின் ஊடே ஒரு முள் தைக்கிறது: 'அப்படியானால் வீணாக அறுத்துக்கொண்டேனா?' காத்திருந்தவருக்குப் பின்னர் புற்றுநோய் என்று தெரிந்தால், வேறு முள்: 'அன்றே செய்திருக்க வேண்டாமா?' சுற்றத்தாரும் இதே கேள்விகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகின்றனர்.

இங்கே நிகழ்வது நுட்பமான ஓர் அநீதி. இன்று கிடைத்த விளக்கை நேற்றைய இருளில் நின்றவர் கையில் திணித்து, 'ஏன் பார்க்கவில்லை?' என்று கேட்கிறார்கள். ஒரு முடிவின் நேர்மை, அது எடுக்கப்பட்ட நேரத்தில் அறியக்கூடியவற்றைக் கேட்டறிந்தாரா, பயனை நேராக எண்ணினாரா, அச்சமோ அலட்சியமோ தம்மை இழுத்துச் செல்ல விடாமல் இருந்தாரா என்பவற்றில் இருக்கிறது. பின்னர் வந்த விளைவு அதற்கு அளவுகோல் ஆகாது. செயலில்தான் உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் உபதேசத்தைப் பலர் ஆறுதல் மொழியாகவே கொள்கின்றனர். அது தீர்ப்பளிக்கும் நெறியும் ஆகும். தீங்கற்றது என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்த அறுவை, அந்தத் தெரிதலைத் தந்துவிட்டது, அது வீணன்று.

விளைவைப் பார்க்கவே வேண்டாம் என்பதும் இதன் பொருளன்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை நிபுணர் தியோடர் கோக்கர், முன்பு தைராய்டை முழுமையாக அகற்றிய நோயாளிகளை மீண்டும் அழைத்துப் பார்த்தார். பலர் உடல் வீங்கி, அறிவு மந்தமாகி இருக்கக் கண்டார். அச்சுரப்பி எதற்கு என்பதே தெளிவாகாத காலம் அது. 1883-இல் அவர் அதை மறைக்காமல் மருத்துவ உலகுக்கு அறிவித்து, தீங்கற்ற கட்டிகளுக்காக முழுச் சுரப்பியையும் அகற்றும் வழக்கத்தைக் கைவிட்டார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விளைவு அவருக்குக் கடந்ததைத் தூற்றும் கோலாக அமையவில்லை. வருவதைத் திருத்தும் ஆசானாக அமைந்தது.

இறுதி அறிக்கைகூட எவ்வளவு இறுதியானது? உறையைத் துளைக்காத ஒருவகைக் கட்டி நெடுங்காலம் புற்றுநோய் என்றே அழைக்கப்பட்டது. அத்தகைய 109 பேரைப் பத்து முதல் 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோது எவரிடத்திலும் நோய் திரும்பவில்லை. எனவே 2016-இல் நிபுணர்கள் அதன் பெயரிலிருந்து புற்றுநோய் என்ற சொல்லையே நீக்கினர். கட்டி மாறவில்லை, மனிதர்களின் அறிவு மாறிற்று. வாழ்வில் முழு வெளிச்சத்திற்காகக் காத்திருந்தே நடப்பேன் என்பவன் நடக்கவே மாட்டான்.

அந்தி மங்கலில் தூரத்தில் நிற்பது கட்டையா, மனிதனா என்று தெரியாத வழிப்போக்கனுக்கும் ஊர் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதில்லை. அங்கேயே அமர்ந்துவிடுவதும் இல்லை. தெரிந்த அளவைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் வைத்துக்கொண்டு, கைத்தடியை இறுகப் பற்றி, துணைக்கு வந்தவரோடு பேசியபடி மேலே நடக்கிறான். 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்ற தாளைக் கையில் வைத்திருப்பவருக்கும் வழி அதுவே. உடலைப் பற்றிய ஐயம் தீர நாளாகலாம். தம் கடமை எது என்பதில் தெளிவு பெற அவர் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.